கையுறை போட்ட பத்தாவது நிமிடம்: எந்தச் சோதனை, எந்த மருந்து, எந்தக் கையுறை?

கையுறையைக் கழற்றினால் மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டதுபோல் ஒரு தடிப்பு. புறங்கையில் கொசு கடித்ததுபோல் ஏழெட்டுத் திட்டு. சொறியச் சொறிய அவை ஒன்றோடொன்று சேர்ந்து வீங்கும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாதி அடங்கிவிடும். மதியம் சாப்பிட உட்காரும்போது பார்த்தால், இந்தக் கைக்கா அப்படி ஆனது என்று எனக்கே சந்தேகம் வரும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இதைக் காணாக்கடி என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்ற கணக்கு. என்னைக் கடித்தது கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. எட்டு மணி நேரமும் அதை மாட்டிக்கொண்டுதான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் லேப் டெக்னீஷியன். பதினான்கு வருஷமாக இதே வேலை. அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. சிரட்டையில் சொட்டும் ரப்பர் பாலையும் ஒட்டுப்பால் நாற்றத்தையும் பார்த்து வளர்ந்தவளுக்கு ரப்பரே ஆகாது என்று முடிவானபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “மக்களே, அந்தப் பால வெட்டித்தானே உன்னப் படிக்க வச்சேன்.”

அந்த முடிவுக்கு வர இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் ஐந்து வகைச் சோதனை, கைநிறைய மருந்து, நான்கு வகைக் கையுறை எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. அவற்றை ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்து, எது எதற்கு உதவும், எது காசுக்குக் கேடு என்று இங்கே எழுதுகிறேன். தொட்டவுடன் தடிக்கிற எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறைய பொருந்தும். கையுறை என்பது நான் பட்டறிந்த உதாரணம்.

முதலில் கடிகாரம்

கையுறையால் கை கெட்டுப்போனது என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் ஒரே நோய் இல்லை. மூன்று இருக்கின்றன. மூன்றையும் பிரித்துக் காட்டுவதில் எந்த இயந்திரத்தையும்விடக் கைக்கடிகாரம் கெட்டி.

ஒன்று, வெறும் எரிச்சல். வியர்வை, சோப்பு, பவுடர், நாளுக்கு நாற்பது முறை கை கழுவுவது எல்லாம் சேர்ந்து தோலை உலர வைத்து வெடிக்கச் செய்யும். விரல் மொளிகளில் கீறல் விழும், சானிடைசர் பட்டால் காந்தும். இதற்கு நேரக்கணக்கு கிடையாது. வாரக்கணக்கில் மெல்ல ஏறும், நாலு நாள் லீவு போட்டால் இறங்கும். கையுறைக் கோளாறுகளில் மிக அதிகம் இதுதான். இது அலர்ஜியே அல்ல.

இரண்டாவது, தாமதமாக வரும் அலர்ஜி. இன்றைக்குப் போட்ட கையுறைக்கு நாளையோ மறுநாளோ அரிக்கும். சிறு கொப்புளம், நீர்க்கசிவு, பிறகு தோல் தடித்துச் செதில் உதிரும். அடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கரப்பான் வகை. காரணம் ரப்பர் பால் அல்ல. ரப்பரை முறுக்கேற்றத் தொழிற்சாலையில் சேர்க்கும் தையூரம், கார்பமேட், மெர்காப்டோ வகை ரசாயனங்கள்.

மூன்றாவது என்னுடையது. போட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் அரைமணி நேரத்துக்குள் தடிப்பு. சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் மறையும். ஒரு நாளைத் தாண்டாது. காரணம் ரப்பர் பாலிலேயே இருக்கும் புரதம்.

டாக்டரிடம் போகும்போது காட்டுவதற்கு எதுவும் இருக்காது என்பதுதான் இந்த மூன்றாவதன் கஷ்டம். எனக்கு முதல் ஒரு வருஷம் அப்படித்தான் போனது. “ஸ்ட்ரெஸ்ஸா இருக்கும்மா” என்று ஒருவர் விட்டமின் எழுதிக் கொடுத்தார். பிறகு ஒரு சிஸ்டர் சொன்ன யோசனைப்படி மாட்டிய நேரம், தடித்த நேரம், மறைந்த நேரம் மூன்றையும் போனில் படம் பிடித்தேன். 9.10, 9.22, 11.05. அந்த மூன்று படத்தைப் பார்த்த தோல் டாக்டர், மேற்கொண்டு அதிகம் கேட்காமலே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்.

1973இல் ஃபிஷர் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதற்குத் தொடு தடிப்பு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். இரண்டு வருஷம் கழித்து மைபாக், ஜான்சன் என்ற இருவர் இது தோலோடு நிற்பதல்ல என்று காட்டினார்கள். பிறகு இது நான்கு படியாகப் பிரிக்கப்பட்டது. தொட்ட இடத்தில் மட்டும் தடிப்பது முதல் படி. உடம்பு முழுக்கப் பரவுவது இரண்டாவது. மூக்கு, கண், மூச்சு, வயிறு என்று தோலைத் தாண்டுவது மூன்றாவது. நாலாவது அனாஃபிலாக்சிஸ், அதாவது ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும் கட்டம். பக்கத்து மேஜையில் யாராவது கையுறையைப் ‘பட்’டென்று இழுத்து மாட்டினால் எனக்குத் தும்மல் வரும். மூன்றாவது படியில் நின்றுகொண்டு அதைச் சளி என்று நினைத்திருந்தேன்.

இதிலும் ஓர் உட்பிரிவு உண்டு. காஞ்சொறி பட்டால் யாருக்கும் தடிக்கும். அதன் முள்மயிர் தோலில் குத்தித் தன்னிடம் உள்ளதை உள்ளே செலுத்திவிடுகிறது. உடம்பு அதை முன்பே அறிந்திருக்க வேண்டியதில்லை. முகக் கிரீம், ஷாம்பூ, சாஸ் போன்றவற்றில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சாயிக் அமிலம், சார்பிக் அமிலம், இலவங்கப்பட்டை வாசனைக்குரிய சின்னமால்டிஹைடு ஆகியவையும் அப்படித்தான்: முதல் தடவையிலேயே தடிக்கும், தொட்ட இடத்தோடு நிற்கும். ரப்பர், இறால், மீன், கோதுமை மாவு வகை அப்படி அல்ல. உடம்பு அவற்றைப் பழகி, ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை உருவாக்கி வைத்திருக்கும். படி ஏறுவதும் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஐந்து சோதனைகள்

முதலில் என்னிடம் செய்யச் சொன்னது டோட்டல் ஐஜிஇ. நானே ஓட்டும் டெஸ்ட். என் ரத்தத்தை நானே போட்டு, 412 என்ற எண்ணை நானே பார்த்தேன். பெரியவர்களுக்கு நூறு வரை இயல்பு என்று ரிப்போர்ட்டில் அச்சடிப்போம். ஆக அலர்ஜி உறுதி என்றார்கள். எதற்கு அலர்ஜி? அதை இந்த எண் சொல்லாது. வயிற்றில் பூச்சி இருந்தாலும் ஏறும், சின்ன வயது ஆஸ்துமாவுக்கும் ஏறும். நூறுக்குள் இருக்கிற ஒருவருக்கு ரப்பர் அலர்ஜி இல்லை என்றும் சொல்ல முடியாது. தொட்டவுடன் தடிக்கும் நோய்க்கு இதைவிட உதவாத சோதனை ஒன்று உண்டென்றால், உணவுக்கு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிற பெரிய பட்டியல்தான். அது நீங்கள் என்ன சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று சொல்லும். எது ஆகாது என்று சொல்லாது. அதைப் பார்த்துப் பால், கோதுமை, கத்தரிக்காய் எல்லாம் விட்டுவிட்டு மெலிந்துபோனவர்களை எங்கள் கவுன்டரில் பார்க்கிறேன்.

அடுத்தது பேட்ச் டெஸ்ட். முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் மருந்தை வைத்து ஒட்டி, 48 மணி நேரம் விட்டு எடுப்பார்கள். எடுத்தவுடன் ஒரு முறை, மூன்றாம் அல்லது நாலாம் நாள் இன்னொரு முறை பார்ப்பார்கள். நம் ஊரில் இதற்கென இந்தியன் ஸ்டாண்டர்ட் சீரீஸ் என்று ஒரு தொகுப்பே உண்டு. தையூரம், மெர்காப்டோ, நிக்கல், ஹேர் டையில் இருக்கும் பிபிடி, பார்த்தீனியம் எல்லாம் அதில் வரும். நான் ஒட்டிக்கொண்டது ஏப்ரல் மாதத்தில். குளிக்கக் கூடாது, குனிந்து நிமிரக் கூடாது. வியர்வையில் பிளாஸ்திரி தானாக உரிந்தது. முடிவில் எதுவும் இல்லை என்று வந்தது. “அப்போ கையுறை பிரச்சினை இல்லை” என்று ஒருவர் அதையே முடிவாகவும் எழுதினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. பேட்ச் டெஸ்ட் நல்ல சோதனைதான், ஆனால் இரண்டாவது வகைக்கு. ரப்பர் புரதம் பெரிய மூலக்கூறு. காயமில்லாத முதுகுத்தோல் வழியாக எளிதில் இறங்காது. இறங்கினாலும் இருபது நிமிடத்தில் தடித்துச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும் ஒன்றை 48 மணி நேரம் கழித்துத் தேடுவது, பஸ் போன பிறகு நிறுத்தத்தில் போய் நிற்பதுதான். அதே சமயம் இதை அடியோடு ஒதுக்கவும் கூடாது. சிலருக்கு இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும்: பத்து நிமிடத்தில் தடிப்பு, மறுநாள் கொப்புளம். அவர்களுக்கு இரண்டு சோதனையும் வேண்டும்.

மூன்றாவது, ரப்பருக்கென்றே பார்க்கும் ஸ்பெசிஃபிக் ஐஜிஇ. இதுவும் ரத்தப் பரிசோதனைதான். பெரும்பாலும் 0.35 என்ற அளவைத் தாண்டினால் பாசிட்டிவ் என்று எழுதுவோம். இதன் பெரிய நன்மை, ரத்தம் டியூபில் இருக்கும்போது நோயாளிக்கு எதுவும் நடக்காது. ஒரு முறை மூச்சுத் திணறி விழுந்தவருக்கு, அலர்ஜி மாத்திரையை நிறுத்தவே முடியாதவருக்கு, தோலைக் கீறினாலே தடிக்கும் உடம்புக்காரருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான். குறையும் உண்டு. உண்மையான ரப்பர் அலர்ஜிக்காரர்களில் சிலரை இது தவறவிடும். சிலருக்கு மகரந்த அலர்ஜியால் மட்டும் இது பொய்யாக ஏறும். அதைப் பிரித்துப் பார்க்கக் கூறுவாரியான பரிசோதனை வந்திருக்கிறது. ரப்பர் மரத்தின் தாவரப் பெயர் ஹீவியா என்பதால் அதன் புரதங்களுக்கு ஹெவ் பி என்று எண் போட்டிருக்கிறார்கள். மருத்துவமனை ஊழியர்களுக்கு வழக்கமாகப் பாசிட்டிவ் ஆவது ஹெவ் பி 5, ஹெவ் பி 6. ஹெவ் பி 8 மட்டும் பாசிட்டிவாக இருந்தால் அநேகமாகக் கையுறை எதுவும் செய்யாது. இந்த விவரம் தெரியாமல் ஒருவருடைய வேலையை மாற்றிவிட்டால் பாவம்.

எனக்கு 4.8 வந்தது. ஹெவ் பி 5, ஹெவ் பி 6 இரண்டுமே பாசிட்டிவ்.

நாலாவது, ஸ்கின் ப்ரிக் டெஸ்ட். முன்கையில் ஒரு சொட்டுச் சாறு, அதன் வழியே லேசாக ஒரு குத்து, பதினைந்து இருபது நிமிடத்தில் தடிப்பின் அளவு. பக்கத்தில் ஒப்பிட, தடிக்கக் கூடாத உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு, யாருக்கும் தடிக்க வேண்டிய ஹிஸ்டமின் ஒரு சொட்டு. உப்புத் தண்ணீரைவிட 3 மில்லிமீட்டர் பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ். என்னைக் கேட்டால் உடனடி அலர்ஜிக்கு இதுதான் கெட்டியான சோதனை: அதே நிமிடக்கணக்கில், அதே தோலில், அதே விளைவைப் பார்க்கிறோம். காத்திருக்கும் நேரம் ஒரு டீக்குக் காணாது. ஆனால் செட்ரிசின் வகை மாத்திரையை ஒரு வாரமாவது முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். மருந்துக்கடைச் சிரப்பிலும் சளி மாத்திரையிலும் அதே சரக்கு ஒளிந்திருக்கும். ஹிஸ்டமின் சொட்டும் தடிக்கவில்லையென்றால் அந்தச் சோதனை செல்லாது. அதை நெகட்டிவ் என்று எழுதக் கூடாது. ரப்பருக்குத் தரமான சாறு எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பது இன்னொரு தலைவலி. கையுறையை ஊறவைத்த தண்ணீரில் செய்தால் எந்தக் கையுறை, எவ்வளவு புரதம் என்று யாருக்கும் தெரியாது. அரிதாக இந்தக் குத்தே அனாஃபிலாக்சிஸில் கொண்டுபோய் விடும். அப்போது உயிர் காக்கும் மருந்தான அட்ரினலின் ஆம்பூல் மேஜைமேல் இல்லாத இடத்தில் கை நீட்ட வேண்டாம்.

உணவு விஷயத்தில் இதன் தம்பி ஒன்று இன்னும் கெட்டிக்காரன். ஊசியைப் பச்சை இறாலில் குத்தி, அதே ஊசியைத் தோலில் குத்துவது. இறால் உரிக்கும் ஷெட்டிலிருந்து ஓர் அக்கா வருவார். விரலெல்லாம் கரப்பான், ஆனால் உரிக்க உட்கார்ந்த கால்மணியில் ஊறலும் தடிப்பும். சமைத்த இறாலைச் சாப்பிட்டால் ஒன்றுமில்லை. பேட்ச் டெஸ்ட் நெகட்டிவ், பச்சை இறால் குத்து பாசிட்டிவ். பார்க்கக் கரப்பான், உள்ளே உடனடி அலர்ஜி என்ற இந்த இரட்டை வேஷத்தை 1976இல் டென்மார்க்கில் ஹியோர்த், ரோட்-பீட்டர்சன் என்ற இருவர் சமையலறை வேலைக்காரர்களிடம் பார்த்துப் புரதத் தொடு அழற்சி என்று தனியாகப் பிரித்தார்கள். மீன், கோதுமை மாவு, பச்சை இறைச்சி கையாளும் எல்லோருக்கும் இது வரலாம். தோல் ஏற்கனவே வெடித்திருப்பதால்தான் பெரிய புரதமும் உள்ளே இறங்குகிறது.

ஐந்தாவது, போட்டுப் பார்ப்பது. கிரீம், ஷாம்பூ, மாவு போன்றவற்றை முன்கையில் மூன்று சென்டிமீட்டர் சதுரத்தில் தடவி 20, 40, 60 நிமிடங்களில் பார்ப்பார்கள். பென்சாயிக் அமிலம் போன்ற ஐஜிஇ இல்லாத வகைக்கு இதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. ரத்தமும் குத்தும் அங்கே கை விரித்துவிடும். கையுறையென்றால் ஈரமான ஒரு விரலில் மட்டும் கையுறையின் விரலை வெட்டி மாட்டி, இன்னொரு கையில் ரப்பர் இல்லாத விரலை மாட்டி, கால்மணி நேரம் காத்திருப்பது. ஒன்றும் ஆகவில்லையென்றால் முழுக்கை. கதையும் ரத்தமும் முரண்படும்போது தீர்ப்புச் சொல்வது இதுதான். வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல. ஒரு முறையாவது மயங்கியவருக்கு, மூச்சிழுத்தவருக்கு ஆஸ்பத்திரியில்கூட இது வேண்டியதில்லை.

வரிசை கேட்டால் என் கணக்கு இது: நேரம் எழுதிய படம், பிறகு தோலில் மூடாமல் தடவல், பிறகு குத்து. முன்பு மோசமாக ஆகியிருந்தால் தடவலும் குத்தும் பின்னால் போகட்டும், ரத்தம் முன்னால் வரட்டும். மறுநாள் கொப்புளமும் இருந்தால் மட்டும் பேட்ச். டோட்டல் ஐஜிஇக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. நான் தினமும் ஓட்டும் டெஸ்டைப் பற்றி நானே இப்படி எழுதுவது என் மேலாளருக்குப் பிடிக்காது.

மருந்தா, மறைப்பா

தடிப்பு வந்தவுடன் வீட்டில் கொடுப்பது வெற்றிலையும் மிளகும். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்பதுதான் விஷயம். தானாக மறையும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் பேர் கிடைக்கும். காலமைன், குளிர்ந்த தண்ணீர் ஆகியவை அரிப்பை ஆற்றும். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது பட்டதைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நன்றாக அலம்புவது.

மாத்திரையில் பழைய தலைமுறை, புதிய தலைமுறை என்று இரண்டு. அவில், சிபிஎம் பழையவை. கேட்கும், ஆனால் தூக்கம் சொக்கும். பகலில் ஊசி பிடிக்கும் கைக்கு ஆகாது. செட்ரிசின், லொரட்டடின், ஃபெக்சோஃபெனடின் புதியவை. அவற்றுள் செட்ரிசின் சிலருக்குக் கொஞ்சம் சோர்வு தரும், ஃபெக்சோஃபெனடின் அவ்வளவாகத் தராது. நான் கைப்பையில் வைத்திருப்பது அதைத்தான். பென்சாயிக் அமிலம், சின்னமால்டிஹைடு வகைத் தடிப்புக்கு இந்த மாத்திரைகள் சரியாகக் கேட்பதில்லை. இந்த மாத்திரைகள் தடுப்பது ஹிஸ்டமினை; அங்கே வேலை செய்வது முக்கியமாகப் புராஸ்டகிளான்டின் என்ற வேறொரு பொருள். அதற்கு மருந்து தேடுவதைவிட அந்தக் கிரீமைத் தூக்கிப் போடுவது சுலபம்.

ஸ்டீராய்டு களிம்பு? இறால் உரிக்கும் அக்காவின் கரப்பானுக்குச் சரி. பத்து நிமிடத் தடிப்புக்கு அது ஒன்றும் செய்யாது. அது உறிஞ்சி வேலை தொடங்குவதற்குள் தடிப்பு போயிருக்கும்.

ஆறு மாதம் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. காலையில் டூட்டிக்கு முன் ஒரு மாத்திரை, பிறகு அதே கையுறை. கை தடிக்கவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். என்னைப் போலப் பலர் செய்கிறார்கள். அலர்ஜியோடு வாழும் வழிகளிலேயே மோசமானது இதுதான் என்று இன்று நினைக்கிறேன். மாத்திரை தடிப்பைத்தான் மறைக்கிறது. ரப்பர் புரதம் உள்ளே போவதை நிறுத்தவில்லை, படி ஏறுவதையும் தடுக்கவில்லை. கை கொடுத்துவந்த எச்சரிக்கையை நானே அமுக்கிவைத்தேன். தும்மல் தொடங்கியது அந்த ஆறு மாதத்தில்தான்.

உடம்பு முழுக்கத் தடித்து, கூடவே தொண்டை இறுகினால், குரல் மாறினால், மூச்சு இரைந்தால், வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் அங்கே போட்டியே கிடையாது. அட்ரினலின் ஒன்றுதான். ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலிலிருந்து பெரியவர்களுக்கு அரை மில்லி, தொடையின் வெளிப்புற நடுத் தசையில். குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. கால்களை உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க வைக்கக் கூடாது. நம் ஊர்க் கிளினிக்குகளில் கை முதலில் போவது அவிலும் டெக்சாமெத்தசோனும் சேர்ந்த ஊசிக்கு. அந்த ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும், அவில் அரிப்பைத்தான் பார்க்கும். விழும் ரத்த அழுத்தத்தையும் அடைக்கும் தொண்டையையும் இரண்டுமே தூக்கி நிறுத்தாது. அவை பிறகு வரட்டும். வெளிநாட்டில் பேனா மாதிரி தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் உண்டு. இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை. அதனால் இப்படி ஒருமுறை ஆனவர்கள் எந்த ஆஸ்பத்திரி பக்கம், 108க்கு யார் போன் செய்வது என்பதைக் குடும்பத்தோடு முன்பே பேசி வைத்திருப்பது நல்லது.

எந்தக் கையுறை

உண்மையான சிகிச்சை இதுதான்.

பவுடர் போட்ட ரப்பர் கையுறை மலிவு, சுலபமாக ஏறும், நரம்பு தேடும் விரலுக்கு அருமையாகப் பொருந்தும். பவுடர் என்பது சோளமாவு. அதுதான் வில்லன்: ரப்பர் புரதம் அதில் ஒட்டிக்கொண்டு காற்றில் பறக்கிறது. 1980களின் பிற்பாதியில் எய்ட்ஸ் பயத்தால் உலகம் முழுக்க எல்லா நோயாளிக்கும் கையுறை என்ற விதி வந்து, கையுறைத் தேவை எகிறி, அதன் பின்னாலேயே மருத்துவமனை ஊழியர்களிடம் ரப்பர் அலர்ஜி பெருகியது. ஜெர்மனி 1998இல் பவுடர் ரப்பர் கையுறைக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு அங்கே புதிதாக வரும் தொழில்வழி ரப்பர் அலர்ஜி சரிந்தது. அமெரிக்கா 2017 ஜனவரியில் பவுடர் கையுறைகளை அடியோடு தடை செய்தது. நம் மருந்துக்கடையில் அந்த டப்பா இன்றும் மேல்தட்டில் இருக்கிறது.

பவுடர் இல்லாத ரப்பர் கையுறை எனக்கு ஆகாது, ஆனால் என் பக்கத்து மேஜைக்காரர் போடலாம். இந்த வேறுபாடு முக்கியம். அலர்ஜிக்காரர் மட்டும் மாற்றினால் போதாது. அவரோடு ஒரே அறையில் இருப்பவர்கள் பவுடரை விட வேண்டும். எங்கள் லேபில் இதை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு நாலு மாதமும் அந்த மூன்று படமும் தேவைப்பட்டன. டப்பாவில் ‘ஹைப்போ அலர்ஜெனிக்’ என்று அச்சிட்டிருந்தால் மயங்க வேண்டாம். ரப்பர் கையுறையில் அந்தச் சொல்லைப் போடக் கூடாது என்று அமெரிக்காவில் 1998லேயே விதி வந்துவிட்டது.

நைட்ரைல் இப்போது நான் போடுவது. ரப்பர் பாலே கிடையாது, சீக்கிரம் கிழியாது, ரசாயனத்தையும் தாங்கும். விலை கூடுதல், கொஞ்சம் விறைப்பு; முதல் வாரம் நரம்பு கிடைக்காமல் நோயாளிகளிடம் திட்டு வாங்கினேன். ஆனால் ஒன்று: இரண்டாவது வகை அலர்ஜிக்காரருக்கு நைட்ரைல் தீர்வாகாமல் போகலாம், ஏனென்றால் பல நைட்ரைலிலும் அதே கார்பமேட் ரசாயனங்கள் சேர்கின்றன. அவர்களுக்கு அந்த ரசாயனம் சேர்க்காத நைட்ரைலோ வினைலோதான். நோயின் வகை தெரியாமல் கையுறையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

வினைல் மலிவு, இரண்டு வகை அலர்ஜிக்கும் பொதுவாக ஒத்துவரும். ஆனால் தொளதொளவென்று இருக்கும், ஊசி வேலையில் சீக்கிரம் கிழியும். ரத்தம் எடுக்க வேண்டாம். இறால் உரிக்க, மாவு பிசைய, பாத்திரம் கழுவச் சரி. அறுவைசிகிச்சை டாக்டர்களுக்கு நியோப்ரீன், பாலிஐசோப்ரீன் இருக்கின்றன. ரப்பர் மாதிரியே பொருந்தும், விலையைக் கேட்காதீர்கள்.

கையுறையோடு முடியாது. பலூன், ஆணுறை, கதீட்டர், பல் டாக்டர் வாயில் மாட்டும் ரப்பர் விரிப்பு: ரப்பர் பாலில் முக்கி எடுத்துச் செய்யும் எல்லாவற்றிலும் எளிதில் பிரிந்து வரும் புரதம் அதிகம். டயர், செருப்பு அடி போன்றவை காய்ந்த ரப்பரைச் சூட்டில் அழுத்திச் செய்பவை; அவை அபூர்வமாகவே தொந்தரவு தரும். நான் ரப்பர் செருப்புதான் போடுகிறேன். மகள் பிறந்தநாளுக்கு மட்டும் பலூனுக்குப் பதில் காகிதத் தோரணம்.

சாப்பாட்டிலும் கொஞ்சம் பங்கு உண்டு. ரப்பர் அலர்ஜிக்காரர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை வாழைப்பழம், அவகாடோ, கிவி, பப்பாளி போன்ற ஏதாவது ஒன்றுக்கு வாய் அரிக்கும். புரதங்களின் சாயல் அப்படி. மரச்சீனிக்கிழங்குக்கும் இந்த உறவு பதிவாகியிருக்கிறது. அது ரப்பர் மரத்தின் குடும்பமேதான். அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடுவது மடத்தனம். சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையென்றால் சாப்பிடலாம். எனக்கு மரச்சீனியும் மீன்குழம்பும் இன்றும் தடையில்லை. எங்கள் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழம் மட்டும் உதட்டில் பட்டால் அரிக்கிறது. குமரி மாவட்டத்தில் பிறந்தவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது.

போன மாதம் பல் பிடுங்கப் போனேன். அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே சொன்னேன்: காலையில் முதல் ஆள் நானாக இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க யாரும் கையுறை உதறாத அறையில் காற்று சுத்தமாக இருக்கும். ரிசப்ஷன் பெண் சிரித்தாள். கைப்பையிலிருந்து என் அளவில் அல்ல, டாக்டரின் கை அளவில் இரண்டு ஜோடி நைட்ரைலை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.